விருத்தாசலத்தில் பதினெட்டு பொம்மைகள்

காலை 5.20. ஆத்தூர் பேருந்து நிலையம். விருத்தாசலத்துக்கு நேர் வண்டி போய்விட்டது. வேப்பூர் வரை போகும் வண்டியில் ஏறினேன். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். ஜன்னல் ஓரம் கிடைத்தது. மடியில் ஒரு துணிப்பை. அதில் மாற்றுச் சட்டை, தண்ணீர் பாட்டில், ஒரு பழுப்பு உறை.

நான் எங்கள் ஊர் நூலகத்தில் கூட்டிப் பெருக்கிப் பூட்டுப் போடுகிறவன். படிப்பு ஆறாம் வகுப்பு. தமிழ் படிப்பேன். மெதுவாக எழுதுவேன். இங்கிலீஷ் தெரியாது. "போறப்ப பார்த்ததை எழுதிக்கிட்டு வாங்க, ஆண்டு மலர்ல போடலாம்" என்று நூலகர் அம்மா சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் நவராத்திரிக்கு நூலகத்தில் கொலு. கல்யாண செட்டு, கிரிக்கெட் செட்டு எல்லாம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, நாம் ஒரு கோர்ட்டு செட்டு வைப்போம் என்று வாசகர் வட்டத்தில் முடிவு செய்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் விருத்தாசலத்தில் ஒரு வாரப் பத்திரிகை நடந்தது. நாலே பக்கம். வரி கட்டாத குடியானவர்களைத் தாசில்தாரின் ஆட்கள் வெயிலில் குனிய வைத்து முதுகில் கல் ஏற்றினார்கள் என்று அதில் எழுதினார்கள். தாசில்தார் அவதூறு வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் ஆசிரியருக்குச் சிறை. மேல் கோர்ட்டில் விடுதலை. நடந்ததை நடந்தது என்று அச்சில் போடலாம் என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்பார்கள்.

அந்தப் பத்திரிகையில் அச்சுக் கோத்தவர் பொன்னுசாமி. என் அப்பாவின் தாத்தா. ஆசிரியரோடு கூண்டில் நின்றவர், நாற்பது நாள் உள்ளே இருந்தவர் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. என் அண்ணன் மாணிக்கம் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். கடைப் பலகையில் 'தியாகி பொன்னுசாமி நினைவு' என்று இருக்கும். எங்கள் தெருவுக்கு அவர் பெயர் வைக்கச் சொல்லி நகராட்சிக்கு மனுவும் கொடுத்திருக்கிறார். அண்ணன் மகன் பெயரும் பொன்னுசாமிதான்.

எண்பது கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் விருத்தாசலம் போனதில்லை. பெண் எடுத்ததில்லை, கொடுத்ததில்லை. அவர் பட்ட பாட்டுக்கு அந்த மண்ணை மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்வார். நான் மேற்கொண்டு கேட்டதில்லை. எனக்கு ஐம்பத்தாறு வயது. இதுதான் முதல் தடவை.

உறையில் இருந்தது அந்த வழக்கின் தீர்ப்பு. சென்னையில் வக்கீலாக இருக்கும் வாசகர் ஒருவர் தேடிப் பிடித்து நகல் எடுத்துத் தபாலில் அனுப்பினார். முந்தின நாள் சாயங்காலம்தான் வந்தது. இருபத்திரண்டு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். நூலகர் அம்மா பூட்டுகிற அவசரத்தில் அப்படியே கையில் கொடுத்தார்கள். பொம்மை செய்கிறவர்கள் ஏதாவது விவரம் கேட்டால் காட்டுங்கள் என்றார்கள்.

காலை 7.10. வேப்பூர். நாற்கர சாலை ஓரம் இறக்கிவிட்டார்கள். லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு கடையில் இரண்டு இட்லி, ஒரு வடை, டீ. நாற்பது ரூபாய். வடை நன்றாக இருந்தது. அடுத்த வண்டி உடனே வந்தது. விருத்தாசலத்துக்கு இருபது ரூபாய். இரண்டு பக்கமும் மக்காச்சோளம், கொஞ்சம் பருத்தி. மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருக்கும் போலிருந்தது.

காலை 8.15. விருத்தாசலம். இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் பையைப் பார்த்தார்.

"எங்கங்க போவணும்?"

"பீங்கான் கம்பெனி."

"என்ன பீங்கான்? பொம்மையா, பியூஸ் கட்டையா, கக்கூஸ் கோப்பையா? அத சொன்னாதான் ரூட்டு தெரியும்."

"பொம்மை."

"கொலுவுக்கா? ஏறுங்க. எம்பது ரூபா. கோப்பைன்னா நூறு, திரும்பி வரப்ப தூக்கி வச்சி கட்டணும்."

எழுபதுக்கு ஒத்துக்கொண்டார். பழமலைநாதர் கோயில் கோபுரம் வழியில் தெரிந்தது. இறங்கவில்லை.

காலை 8.40. பொம்மைக் கம்பெனி என்பது ஒரு தகரக் கொட்டகை. முன்னால் ஒரு சூளை. பக்கத்தில் விறகு. வெள்ளை வெள்ளையாகப் பொம்மைகள் பலகை பலகையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நடத்துகிறவர் கலா. நாற்பது வயது இருக்கும். சூளையை அவர் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார்.

நூலகர் அம்மா எழுதிக் கொடுத்த பட்டியலைக் காட்டினேன். நீதிபதி, தாசில்தார், வக்கீல், போலீஸ் இரண்டு பேர், ஆசிரியர், அச்சுக் கோப்பவர். ஏழு பொம்மை.

"புது மோல்டு போட்டா உங்களுக்குக் கட்டாதுங்க" என்றார் கலா. "இருக்கிற மோல்டுலயே ஊத்தி, பெயிண்டுல ஆளை மாத்திடலாம். எல்லாரும் அப்படித்தான். ஜட்ஜுக்குச் செட்டியார் மோல்டு. தொப்பை இருக்குது, உக்காந்துக்கிட்டு இருக்காரு. தராசைத் தட்டி எடுத்துட்டு கறுப்பு கோட்டு அடிச்சா ஜட்ஜு."

"வெள்ளைக்கார ஜட்ஜுங்க."

"வெள்ளை அடிக்கிறது ஒரு வேலையா? தாசில்தாருக்குப் பொண்ணுக்கு அப்பா மோல்டு. ஆசிரியருக்கு மாப்பிள்ளை. மாலையைச் சுரண்டிட்டா போதும். அச்சுக் கோக்கிறவருக்கு மாப்பிள்ளைத் தோழன். ரெண்டு பேரையும் ஒரே கூண்டுல நிக்க வச்சிடலாமா?"

"ஆமாங்க. ஒண்ணாத்தான் நின்னாங்க."

அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அச்சுக் கோத்தவர் என் அப்பாவின் தாத்தா என்றும் சொன்னேன். கலா எழுந்து நின்று கும்பிட்டார். கூச்சமாகிவிட்டது.

"எதுக்கும் யார் யார் எங்க நின்னாங்கன்னு கேட்டுக்கறது நல்லது. போன வருஷம் ஆஸ்பத்திரி செட்டுல டாக்டரைக் கட்டில்ல படுக்க வச்சி, நோயாளி கையில ஊசியைக் குடுத்துட்டோம். திருப்பி அனுப்பிட்டாங்க. விவரம் எழுதின தாளு ஏதும் இருக்குதுங்களா?"

உறையைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "இங்கிலீசு. நம்ம குமாஸ்தா ஐயா வரட்டும்" என்றார்.

காலை 11.00. குமாஸ்தா ஐயா எதிர் வீட்டுக்காரர். பெயர் சண்முகம். நாற்பது வருஷம் வக்கீல் ஆபீசில் இருந்தவர். தினமும் இந்நேரம் இங்கே டீ குடிக்க வருவாராம்.

"பழைய தீர்ப்பா? குடும்மா. எழுதின ஜட்ஜும் இல்ல, ஜெயிச்சவனும் இல்ல, தோத்தவனும் இல்ல. தைரியமாப் படிக்கலாம்" என்று உட்கார்ந்தார்.

முதல் நான்கு பக்கம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். தாசில்தார் முதல் சாட்சி. பத்திரிகையில் வந்தது பொய், என் மானம் போயிற்று என்று சொல்லியிருக்கிறார். ஐந்தாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"எதிரி, அதாவது குத்தம் சாட்டப்பட்டவர், ஒருத்தர்தான் இருக்கார். ஆசிரியர் மட்டும். ரெண்டாம் எதிரின்னு யாரும் இல்லையே."

"அச்சுக் கோத்தவர் இருப்பார் ஐயா. பொன்னுசாமி."

பக்கத்தைத் திருப்பினார். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பொன்னுசாமி இருக்கார். அவரு உங்களுக்கு யாரு?"

"அப்பாவோட தாத்தா."

"வேற யாருகிட்டயாவது இதைப் படிக்கக் குடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப டீயைக் குடிங்க முதல்ல."

குடித்தேன். அவர் சொன்னார். பொன்னுசாமி தாசில்தார் தரப்பு இரண்டாம் சாட்சி.

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னார்.

விவரம் இதுதான். பத்திரிகையில் எழுதியவர் பெயர் போடவில்லை. யார் எழுதியது என்று நிரூபித்தால்தான் தண்டிக்க முடியும். அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம். கோத்து முடித்ததும் கையெழுத்துத் தாளை ஓர் ஆணிக் கம்பியில் குத்தி வைப்பார்கள். சாயங்காலம் எல்லாவற்றையும் உருவி அடுப்பில் போட்டுவிடுவார்கள். யார் கையெழுத்து என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. எரிக்க வேண்டியது பொன்னுசாமியின் வேலை. அந்த ஒரு தாளை அவர் எரிக்கவில்லை. அது தாசில்தாரின் வக்கீல் கையில் இருந்தது. பொன்னுசாமி சாட்சிக் கூண்டில் ஏறி, இது ஆசிரியர் கையெழுத்து, நான்தான் கோத்தேன் என்று சொல்லியிருக்கிறார்.

"அடிச்சிச் சொல்ல வச்சிருப்பாங்க" என்றார் கலா.

"அது இதுல எழுதல. அடிச்சாங்களா, காசு குடுத்தாங்களா, பயமா, ஒண்ணும் எழுதல. இருக்கிறதத்தான் நான் சொல்ல முடியும்." அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "ஆசிரியரு தானே எழுந்து இவரைக் குறுக்கு விசாரணை பண்றாரு. கேள்வியைக் கேளுங்க. 'இந்தச் சேதியை என்கிட்ட கொண்டுவந்ததே நீதானே? முதுகுல கல்லு சுமந்ததுல ஒருத்தன் உன் கூடப் பொறந்த அண்ணன்தானே?'"

"அவர் என்ன சொன்னார்?"

"'நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது.'"

கலா தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

குமாஸ்தா ஐயா நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு ஆசிரியர் தரப்பில் பதினொரு குடியானவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். ஏழு ஆண், நாலு பெண். கிராமத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். மூன்றாவதாக வந்தவர் பெயர் முத்து. பொன்னுசாமியின் அண்ணன். வாய்ப் பேச்சு இல்லாமல் திரும்பி நின்று, மேல்துண்டை எடுத்து, நீதிபதிக்கு முதுகைக் காட்டினார் என்று எழுதியிருக்கிறதாம்.

கீழ்க் கோர்ட்டு அவர்களை நம்பவில்லை. ஆசிரியரை உள்ளே போட்டது. நாற்பது நாள் கழித்து மேல் கோர்ட்டு நம்பியது. கல் ஏற்றியது உண்மை, அதை ஊருக்குச் சொல்வது ஊருக்கு நல்லது, சொன்னவர்மேல் குற்றம் இல்லை என்று விடுதலை செய்தது.

"அந்தப் பதினொரு பேரு வரலன்னா உண்மைன்னு யாரு சொல்றது? ஆசிரியரு உள்ளயே கெடந்திருப்பாரு" என்றார் குமாஸ்தா ஐயா.

நாற்பது நாள். அது ஆசிரியர் இருந்த நாற்பது நாள். எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் அது பொன்னுசாமியின் நாற்பது நாள் ஆகிவிட்டது. யார் மாற்றினார்கள் என்று தெரியாது. முத்து என்ற பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்களுக்கு இந்த ஊர் ஏன் ஆகாது என்று அப்போது புரிந்தது.

மதியம் 12.40. சாப்பிடப் பிடிக்கவில்லை. நடந்தேன். கோர்ட்டு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனேன். பழைய விசாரணை எந்தக் கட்டடத்தில் நடந்தது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. வேப்பமரத்தடியில் ஜனங்கள் பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அண்ணன் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எவன்டா படிச்சது?" என்றார்.

"வக்கீல் குமாஸ்தா."

"குடிகாரனா?"

"இல்லண்ணா. டீதான் குடிச்சார்."

"நூலகத்து அம்மா படிச்சாச்சா?"

"இல்ல."

"வேற காப்பி?"

"நம்ம ஊர்ல இல்ல."

"அப்பறம் என்ன? கிழிச்சுப் போட்டுட்டு வா. அங்க சூளை எரியுதில்ல? அதுல போடு. பஸ்ல தொலைஞ்சிடுச்சுன்னு சொல்லு. தாத்தா பொம்மைய கூண்டுல நிக்க வச்சி எடுத்துட்டு வா. யாரு கேட்கப் போறா?"

உறையை மடியில் திருப்பி வைத்தேன்.

"டேய். அடுத்த மாசம் தெருப் பெயர் மனு கூட்டத்துக்கு வருது. பையன் பேரு என்ன? பொன்னுசாமி. காலேஜ்ல அந்தப் பேரச் சொல்லித்தான் பேச்சுப் போட்டில மெடல் வாங்கினான். அவனக் கூப்பிட்டு நான் என்னன்னு சொல்றது? நீ பெருக்குற வேலையப் பாரு. சரித்திரம் எழுத வேண்டாம்."

வைத்துவிட்டார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. என் பெண் கல்யாணத்துக்கு ஓடியாடி வேலை செய்தவர் அவர்தான். அவர் சொன்னது சுலபமான வேலை. இருபத்திரண்டு தாள். ஒரு நிமிஷம் ஆகாது.

மதியம் 2.30. கொட்டகைக்குத் திரும்பினேன். கலா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சூளைக்குத் தீ வைத்திருந்தார்கள். அவர் வீட்டுக்காரர் சூளை வாய் வழியாக விறகு தள்ளிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். உறை கையில் இருந்தது. முகத்தில் அனல் அடித்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். "பேப்பருங்களா? இதுல போட்டுடாதீங்க ஐயா. சாம்பல் பறந்து பொம்மை மேல ஒட்டிக்கும். மூஞ்சியெல்லாம் புள்ளி புள்ளியாப் போயிடும். குப்பைன்னா அந்தாண்ட டிரம்மு இருக்குது."

போட வரவில்லை என்றேன். போடத்தான் வந்திருந்தேன்.

டிரம்மும் பக்கத்தில்தான் இருந்தது. அதற்குள் பாதி எரிந்த சாக்கு கிடந்தது. அதையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இந்தத் தாள் எங்கள் வீட்டுச் சமாசாரம் மட்டும் என்றால் போட்டிருப்பேன். பதினொரு பேர் நடந்து வந்து சொன்னதும் இதில்தான் இருக்கிறது. வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முத்துவுக்கு இதைத் தவிர வேறு இடம் இல்லை.

உறையைப் பையில் வைத்துக் கலாவிடம் போனேன்.

"அச்சுக் கோக்கிறவரைக் கூண்டிலிருந்து எடுத்துடுங்க. சாட்சிக் கூண்டு தனியாப் பண்ணி அதில் வைங்க."

கலா என் முகத்தைப் பார்த்தார். "அப்ப மாப்பிள்ளைத் தோழன் வேணாம். போஸ்ட்மேன் மோல்டு இருக்குது. கையில கடுதாசி நீட்டுற மாதிரி இருக்கும்."

"சரிங்க. அதுக்கு மேல பதினொரு பொம்மை வேணும். ஏழு ஆண், நாலு பெண். குடியானவங்க."

"பொம்பளைங்களுக்குக் காய்கறிக்காரி மோல்டு. கூடையை எடுத்துடலாம். ஆம்பளைக்கு ஏர் ஓட்டுறவன் இருக்குது. பதினெட்டு ஆவுது. நூலகத்துல ஒத்துக்குவாங்களா?"

"கூட ஆகிற காசை நான் பார்த்துக்கிறேன். அதில் ஒருத்தரை மட்டும் திருப்பி வைக்கணும். முதுகு தெரியுற மாதிரி."

"கொலுவுல எந்தப் பொம்மையும் முதுகு காட்டி நிக்காதுங்க" என்றார் கலா. "யாரும் பார்க்க மாட்டாங்கன்னு பின்பக்கம் நாங்க பெயிண்டே அடிக்கறதில்ல. வெள்ளையாத்தான் வுடுவோம்."

பெயிண்ட் அடித்து வைத்திருந்த பொம்மைகளை அப்போதுதான் சுற்றிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். முன்பக்கம் நகை, மீசை, புடவைக் கரை எல்லாம். பின்பக்கம் ஒன்றுமே இல்லை.

"அவருக்கு அடிங்க" என்றேன். "கல் பட்ட மாதிரி."

குமாஸ்தா ஐயா திரும்ப வந்திருந்தார். "பெயர்ச் சீட்டு எழுதணுமே. போஸ்ட்மேனுக்கு என்ன எழுதறது?" என்றார். பொன்னுசாமி, அச்சுக் கோத்தவர், தாசில்தார் தரப்பு இரண்டாம் சாட்சி என்று எழுதச் சொன்னேன். முதுகு காட்டுகிறவருக்கு முத்து, பொன்னுசாமியின் அண்ணன். எழுதிவிட்டு, "உங்க வூட்டுல உங்களை வுட மாட்டாங்களே" என்றார். ஆமாம் என்றேன்.

மூன்று வாரத்தில் தயார் ஆகும். கொலுவுக்கு நாலு நாள் முன்னால் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது, "போயிட்டு வாங்க. அடுத்த தடவை வூட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்றார் கலா. கும்பிடவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாலை 5.30. விருத்தாசலம் ஜங்ஷன். சேலம் பாசஞ்சருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அண்ணனுக்கு மறுபடி போன் போட்டேன். எடுத்தார்.

"போட்டியா?"

"இல்லண்ணா. சாட்சிக் கூண்டில் வைக்கச் சொல்லிட்டேன்."

கடையில் யாரோ டிஸ்டெம்பர் விலை கேட்டது காதில் விழுந்தது.

"நீ என் தம்பிதானாடா?" என்றார். அவ்வளவுதான். நானும் வைத்தேன்.

வண்டி வந்தது. கூட்டம் இல்லை. சின்னசேலம் வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். முத்து எந்தக் கிராமம் என்று தீர்ப்பில் இருக்கிறதாம். வழியில் போன விளக்குகளில் எது அது என்று தெரியவில்லை. அங்கே எங்களுக்கு ஆட்கள் இருக்கலாம்.

மறுநாள் காலை உறையை நூலகர் அம்மா மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "இதை எழுத வேண்டாங்க, பொம்மைய மட்டும் எழுதுங்க" என்றார்கள். என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். நானும் ஒரு நாள் யோசித்தேன். பொம்மையை மட்டும் எழுதினால் ஏழு பொம்மை என்றுதான் எழுத வேண்டும். மீதிப் பதினொன்று ஏன் என்று சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்துவிட்டேன். போடுவதும் போடாததும் மலர்க் குழு கையில்.

தீர்ப்பைத் தமிழில் போட வாசகர் வட்டத்தில் ஆள் பார்த்திருக்கிறார்கள். கொலு முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசிக்கிறார்கள். இடம் நூலகக் கூடம். நாற்காலி போடுவது என் வேலை. அண்ணன் நாலு நாளாகப் பேசவில்லை. வருவாரா என்று தெரியாது. முன் வரிசையில் இரண்டு போட்டு வைப்பேன். ஒன்று அவருக்கு. ஒன்று அவர் பையனுக்கு.